ஆடி மாசத்துல பாத்த வீடு

தம்பி, கோவிச்சுக்கக் கூடாது. உங்க மடியில இருக்கிற பேப்பரை எட்டிப் பாத்துட்டேன். பேனாவால வட்டம் போட்டு வச்சிருக்கீங்க, அதான் கண்ணு போயிருச்சு. ரயில்வே கேட்டு வேற போட்டுட்டான். ரயிலு போயி கேட்டைத் திறக்கிறதுக்குப் பத்து நிமிஷமாவது ஆகும். முப்பத்தி மூணு வருஷம் பஸ் ஸ்டாண்டுல டைம்கீப்பரா இருந்தவன் சொல்றேன், எழுதி வச்சுக்கங்க.

வீடு வாங்கப் பாக்குறீங்க. அதுவும் வாடகைக்கு விட. சரியா? குடியிருக்கப் போறவன் ஒரே ஏரியாவுல நாலு வீட்டைப் பாப்பான். நீங்க நாலு ஏரியாவுல ஒவ்வொண்ணாப் பாத்திருக்கீங்க. நானும் இப்படித்தான் வட்டம் போட்டேன். போன வருஷம், இதே ரூட்டு, இதே மாதிரி ஜன்னலோர சீட்டு.

எந்த ஏரியா நல்லதுன்னு கேக்குறீங்களா? கேளுங்க, சொல்றேன். ஆனா அதைச் சொல்லணும்னா இன்னொண்ணையும் சொல்லணும். அதை இதுவரைக்கும் நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. உங்களை எனக்குத் தெரியாது, பெரியார் பஸ் ஸ்டாண்டுல எறங்கினா நீங்க அங்கிட்டு, நான் இங்கிட்டு. அதனால சொல்றேன்.

ரிட்டயர்டு ஆன பணம் பேங்குல கிடந்துச்சு. சௌந்தரம், என் சம்சாரம், ஒரு வீட்டை வாங்கிப் போடுங்க, மாசாமாசம் வாடகை வரும்னு சொல்லிக்கிட்டே இருந்தா. எனக்கும் சரின்னு பட்டுச்சு. ஆனா நான் எதையும் பாக்காம செய்ற ஆளு இல்ல. ஆடி மாசம் வரட்டும்னு காத்திருந்தேன். ஏன் ஆடின்னு கேளுங்க. ஆடியில யாரும் வீடு மாற மாட்டாங்க. காலியான வீடு காலியாவே கிடக்கும். வீட்டுக்காரங்களுக்கும் வேற ஆளு வரமாட்டாங்க, அதனால நின்னு பேசுவாங்க. நம்ம சாவகாசமாப் பாக்கலாம்.

ஏரியாவுக்கு ஒரு வாரம். காலைல ஆறு பத்துக்குப் போய் அந்த ஏரியா பஸ் ஸ்டாப்புல உக்காந்திருவேன். எத்தனை பஸ் வருது, யாரு ஏறுறாங்க, ஸ்கூல் பிள்ளைங்க எத்தனை, டிபன் பையோட போறவங்க எத்தனை. டிபன் பை நெறைய இருந்தா வாடகை ஒழுங்கா வரும் தம்பி, அது என் கணக்கு. அப்புறம் தெருவுக்குள்ள போவேன். குழாயில தண்ணி எந்தக் கிழமை வருது, வீட்டுக்கு வெளிய எத்தனை குடம் வரிசையில இருக்கு. செவுத்துல தண்ணி நின்ன கறை முழங்காலுக்கு மேல இருக்கா, கீழ இருக்கா. எல்லாத்தையும் நோட்டுல எழுதிக்குவேன்.

மொதல் வாரத்துலயே ஒண்ணு புரிஞ்சு போச்சு. வீடு வாங்க வந்திருக்கேன்னு சொன்னா ஊரே பொய் சொல்லும். டீக்கடைக்காரன் தங்கமான ஏரியா சார்ங்கிறான். பக்கத்து வீட்டுக்காரரு தண்ணிப் பிரச்சினையா, அப்படின்னா என்னங்கிறாரு. விலை ஏறினா அவங்க வீட்டு விலையும் ஏறும்ல. வாடகைக்கு வீடு பாக்குறேன்னு சொல்லிப் பாருங்க. அப்பத்தான் வாயைத் திறப்பாங்க. இந்த வீட்டுக்காரன் மோட்டார் போட மாட்டான், அந்த மூலை வீட்டுல சாயங்காலம் ஆனா சண்டை, மழை பெஞ்சா சாக்கடை உள்ள வரும், எல்லாம் வரும். அதனால ரெண்டாவது வாரத்துல இருந்து நான் வாடகைக்கு வீடு தேடுற ஆளாயிட்டேன்.

இதுல தப்பு என்ன இருக்கு, சொல்லுங்க? எல்லாரும் செய்றதுதான்.

ஆனா அறுபது வயசு ஆளு தனியாப் போயி கதவைத் தட்டினா பொம்பளைங்க ஜன்னலைக் கூடத் திறக்க மாட்டேங்குறாங்க. யாருக்கு வீடுங்குறாங்க. எனக்குன்னா, குடும்பம் எங்கங்குறாங்க. ஊத்துக்கேணி நகர்ல ஒரு குழாயடியில ஒரு அம்மா கேட்டுச்சு, யாருக்குய்யான்னு. மகளுக்குன்னு சொன்னேன். அது நெசம் மாதிரி இருந்துச்சு, எனக்கு மக இருக்கா. மங்கைன்னு பேரு. உடனே அடுத்த கேள்வி, மாப்பிள்ளை என்ன பண்றாரு? நம்ம ஊருல அதைக் கேக்காம விடுவாங்களா? ஓசூர்ல கம்பெனியில இருக்காருன்னு சொல்ல வாயெடுத்தேன். ஓசூர்ல இருக்கிறவனுக்கு இங்க எதுக்கு வீடும்பாங்க. அந்த நேரத்துல வாயில வந்துருச்சு தம்பி. மாப்பிள்ளை இல்லம்மான்னுட்டேன். இல்லைன்னா? தவறிட்டாரு. லாரி மோதிருச்சு. ஒரு பேத்தி இருக்கு, ரெண்டாவது படிக்கிறா.

எனக்கு இருக்கிறது பேரன். பேரனைப் போயி அந்தப் பொய்க்குள்ள இழுக்க வேணாம்னு பேத்தின்னு மாத்திச் சொன்னேன். பாருங்க, அந்த அளவுக்கு எனக்கு நெதானம் இருந்திருக்கு.

மாப்பிள்ளை பூபாலன். நல்ல பையன். எனக்கு அவன் மேல எந்த மனத்தாங்கலும் கிடையாது. மங்கை அவளாப் பாத்து முடிச்சுக்கிட்டா, நம்ம ஆளுங்க இல்ல, ஆனா அதையெல்லாம் நான் பாக்குறதில்ல. கல்யாணத்துக்கு நான் போகலைங்கிறது வாஸ்தவம். எனக்கு அன்னைக்கு டூட்டி இருந்துச்சு. லீவு கேட்டிருக்கலாம்தான். அது வேற விஷயம்.

அந்தக் குழாயடி அம்மா பேரு பேச்சியம்மா. நாப்பது வயசு இருக்கும். புருஷன் மார்க்கெட்டுல மூட்டை தூக்குறவரு. பேச்சியம்மா வீட்டுல நைட்டி தைச்சுக் கடைக்குக் குடுக்கும். நான் சொன்னதைக் கேட்டதும் குடத்தைக் கீழ வச்சுட்டு, வாங்கய்யா, வெயில்ல நிக்காதீங்கன்னு வீட்டுக்குள்ள கூட்டிட்டுப் போயிருச்சு. காப்பி போட்டுக் குடுத்துச்சு. லாரிக் கதையை முழுசாக் கேட்டுச்சு, சொன்னேன். அது குடியிருந்தது கீழ் வீட்டுல. மேல மாடி காலி. வீட்டுக்காரர் அழகுமலைன்னு ஒருத்தர், அடுத்த தெருவுல இருந்தாரு. பேச்சியம்மா என்கிட்ட ஒண்ணு விடாம சொல்லுச்சு. தண்ணி ஒருநாள் விட்டு ஒருநாள், காலைல அஞ்சே முக்காலுக்கு. போர் தண்ணி உப்பு இல்ல. மழைத்தண்ணி தெருவோட நின்னுரும், படி ஏறாது. அக்கம் பக்கம் நல்ல மனுஷங்க. பொம்பளைப் பிள்ளையைத் தனியா விட்டுட்டுப் போகலாம், நான் இருக்கேன்னுச்சு.

நாலு ஏரியா நோட்டையும் அன்னைக்குச் சாயங்காலம் விரிச்சு வச்சுப் பாத்தேன். ஊத்துக்கேணி நகர்தான். டிபன் பை எண்ணிக்கையும் அங்கதான் அதிகம். ஆனாலும் எனக்கு உறுதி வேணும்ல? அதனால அதே ஏரியாவுல இன்னும் பத்து வீட்டுல விசாரிச்சேன். அந்தப் பத்து வீட்டுலயும் பூபாலன் லாரியில அடிபட்டுச் செத்தான். மொதல் தடவை வாய் தவறி வந்துச்சுன்னு சொல்லலாம். மிச்சம் பத்துக்கு என்ன சொல்றது, நீங்களே சொல்லுங்க.

வேணாம், சொல்ல வேணாம்.

அப்புறம் நடந்ததைக் கேளுங்க. அழகுமலை சம்சாரம், புருஷன் இல்லாத பிள்ளைக்கு மாடியைக் குடுக்க மாட்டேன்னுருச்சு. நாளைக்கு ஏதாவது பேச்சு வரும்னுச்சு. நான் சரின்னு வந்துட்டேன், எனக்கென்ன, நான் நெசமாவா குடி வரப்போறேன்? ஆனா பேச்சியம்மா விடல. அவங்க வீட்டு வாசல்லயே போய் நின்னு சண்டை போட்டிருக்கு. உங்க வீட்டுல பொம்பளைப் பிள்ளை இல்லையா, அந்தப் பெரியவர் ஆடி வெயில்ல தெருத்தெருவா அலையிறாரே, நான் கீழ இருக்கேன், என்ன நடந்தாலும் நான் பொறுப்புன்னு. இது எனக்கு அப்புறமாத் தெரிஞ்சது. தெருவுல இருந்தவங்க சொன்னாங்க. அழகுமலை சம்சாரமும் கடைசியில சரின்னுருச்சாம்.

மறுவாரம் போனப்ப பேச்சியம்மா மெதுவா ஒரு விஷயம் சொல்லுச்சு. "அய்யா, வெரசா முடிவு பண்ணுங்க. அவுக வீட்டை விக்கப் பாக்குறாக. மகளுக்கு ஐப்பசியில கல்யாணம் வச்சிருக்காக, கைக்குப் பணம் வேணும். புரோக்கர்கிட்டத்தான் பெரிய விலை சொல்றாக, வந்தவரைக்கும் குடுத்துருவாக. மாடியிலயும் ஆளு வந்துட்டா வாங்குறவன் கொஞ்சம் யோசிப்பான். ரெண்டு குடும்பத்தையும் கெளப்பணும்ல? உங்க மகளுக்கும் வீடு ஆச்சு, எங்களுக்கும் கொஞ்ச நாள் ஓடும்."

அது தன் வீட்டைக் காப்பாத்திக்கச் சொன்னது தம்பி. நான் அதையே எடுத்துக்கிட்டுப் போயி அழகுமலைகிட்ட விலை பேசினேன். ஐப்பசின்னு நான் வாயைத் திறக்கல. மொத்தப் பணமும் ஒரே தடவையில, ஆவணி மொதல் முகூர்த்தத்துல பத்திரம்னு மட்டும் சொன்னேன். அவர் முகம் போன போக்கைப் பாத்தே தெரிஞ்சுபோச்சு. நான் நெனச்ச விலைக்கும் கீழ முடிஞ்சது. வீட்டுக்கு வந்து சௌந்தரத்துகிட்ட பெருமையாச் சொன்னேன். விலையைத்தான் சொன்னேன், வேற எதையும் சொல்லல.

பத்திரம் முடிஞ்சு வீட்டைப் பாக்கப் போனா பேச்சியம்மா வாசலுக்கே ஓடி வருது. "அய்யா, நீங்களா வாங்கினீக? மகளுக்கே வாங்கிட்டீகளா? நல்லா இருப்பீக." அப்பச் சொல்லியிருக்கலாம். அந்த இடத்துல நின்னு, தாயி, நான் சொன்னது பொய்யின்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் தலையை ஆட்டினேன். ஆமாம்னு கூடச் சொல்லல, தலையைத்தான் ஆட்டினேன். மெதுவாச் சொல்லிக்கலாம்னு இருந்தேன். எப்படியும் வாடகையைக் கூட்டிச் சொல்லணும், அதோட சேத்துச் சொல்லிரலாம்னு.

பால் காய்ச்சணும்ல. வாடகைக்கு விடுற வீடுன்னாலும் நம்ம பேருக்கு வந்த வீடு. சௌந்தரத்துகிட்ட, நீயும் நானும் போதும், கூட்டம் வேணாம்னு சொல்லி வச்சேன். அவ எனக்குத் தெரியாம ஓசூருக்குப் போன் போட்டுட்டா. பூபாலன் லீவு போட்டுட்டு, மங்கையையும் பேரனையும் கூட்டிக்கிட்டு விடிய விடிய பஸ்ஸுல வந்து, காலைல ஆறு நாப்பதுக்குப் புதுப் பானையோட வாசல்ல நிக்கிறான். மாமா, நம்ம வீடுன்னு சிரிக்கிறான். மாடிக்குப் போங்க, மாடிக்குப் போங்கன்னு எல்லாரையும் விரட்டினேன். கீழ பேச்சியம்மா கதவு சாத்தியிருந்துச்சு. கும்பிட்டுக்கிட்டே ஏறினேன்.

அடுப்பைப் பத்த வச்சாச்சு. பூபாலன்தான் குத்தவச்சு உக்காந்து பானையைப் பாத்துக்கிட்டிருந்தான். மங்கை தலை நெறையப் பூ வச்சுக்கிட்டு, பட்டுச்சேலையில நின்னா. அப்ப பேச்சியம்மா படியேறி வருது. கையில தட்டு, வாழைப்பழம், சக்கரை, ஓரமா ஒரு குங்குமச் சிமிழ். புருஷன் போன பிள்ளைக்குக் குங்குமம் கொண்டு வந்திருக்கு தம்பி. யாரு என்ன சொன்னாலும் பொட்டு வச்சுவிடணும்னு நெனச்சிருக்கும் போல.

வந்து மங்கையைப் பாத்துச்சு. பூவைப் பாத்துச்சு, கழுத்தைப் பாத்துச்சு, காலு மெட்டியைப் பாத்துச்சு. அப்புறம் பூபாலனைப் பாத்துச்சு. அதுக்கு மூஞ்சியெல்லாம் மலந்து போச்சு. தட்டைக் கீழ வச்சுட்டு மங்கை கையைப் பிடிச்சுக்கிச்சு.

"தாயி, நல்ல காரியம் பண்ணின. போன மகராசன் போயிட்டாரு, அதுக்காக நீ ஏன் காலம் பூரா மொட்டையா நிக்கணும்? அய்யா, சொல்லவே இல்ல பாத்தீகளா!" அப்புறம் பூபாலன்கிட்ட திரும்பி, "ராசா, நீ நல்லா இருப்பய்யா. பிள்ளையோட ஏத்துக்கிற மனசு எத்தனை பேருக்கு வரும்? பேத்தி எங்க, காணோம்?"ன்னுச்சு.

பால் பொங்கி அடுப்புல வழிஞ்சது. பால் பொங்கும்போது எல்லாரும் பாக்கணும்பாங்க, எல்லாரும் என்னையத்தான் பாத்துக்கிட்டிருந்தாங்க.

மங்கைதான் கேட்டா, என்னம்மா சொல்றீங்கன்னு. பேச்சியம்மா, நான் முன்ன சொன்னதையெல்லாம் சொல்லுச்சு. லாரி மோதினது, ரெண்டாவது படிக்கிற பேத்தி, அய்யா தெருத்தெருவா வீடு தேடினது. பாதியிலேயே அதுக்குப் புரிஞ்சிருச்சு. குரல் அப்படியே இறங்கி நின்னு போச்சு. அடுப்பை அணைச்சுட்டு, தட்டை அங்கேயே விட்டுட்டு, படியிறங்கிப் போயிருச்சு.

பூபாலன் எந்திரிச்சு கையைத் துடைச்சுக்கிட்டு, "மாமா, எந்த ரோட்டுல செத்தேன்?"ன்னு கேட்டான். கோவமா இல்ல. சிரிச்சுக்கிட்டே கேட்டான். நான் கிருஷ்ணகிரி பக்கம்னு சொன்னேன். ஏன் பதில் சொன்னேன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குப் புரியல. கேட்டான், சொன்னேன். உடனடியா செத்தேனா, ஆஸ்பத்திரியிலயான்னான்.

மங்கை அழல. பக்கத்துல வந்து நின்னு கேட்டா. "ஏம்ப்பா, இவருக்கு மதுரைக்கு மாத்தலாயிருக்குன்னு சொல்லியிருந்தா உங்களுக்கு வீடு காட்டியிருக்க மாட்டாங்களா? இல்லாட்டி நாங்க பிரிஞ்சுட்டோம்னு கூடச் சொல்லியிருக்கலாம். எத்தனையோ பொய் இருக்கேப்பா. அவரு சாகுறது மட்டும் எப்படி உங்களுக்கு மொதல்ல வாயில வந்துச்சு?"

யோசிச்சுப் பாத்தேன் தம்பி. அன்னைக்கும் யோசிச்சேன், இன்னைக்கும் யோசிக்கிறேன். மாத்தல்னு சொல்லியிருக்கலாம். பஸ் டிப்போவுல எத்தனை பேரோட மாத்தல் ஆர்டரை நான் கையில வாங்கிக் குடுத்திருப்பேன்! அது ஏன் எனக்குத் தோணல? எனக்கு மாப்பிள்ளை மேல ஒரு மனத்தாங்கலும் இல்லைன்னு சொன்னேன்ல? சொன்னேன்தான்.

பிள்ளையைத் தூக்கிக்கிட்டு மத்தியான பஸ்ஸுக்கே கெளம்பிட்டாங்க. தீபாவளிக்கு வரல. பொங்கலுக்கும் வரல. சம்பந்தியம்மா மகனுக்கு ஆயுசு ஹோமம் பண்ணுச்சுன்னு சௌந்தரம் யாரோ சொல்லிக் கேள்விப்பட்டு அழுதா. பூபாலன் மட்டும் ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை போன் போடுவான். எடுத்ததும், "மாமா, இந்த வாரமும் உசுரோடதான் இருக்கேன்"பான். கேலி பண்றான், எனக்குத் தெரியுது. நல்ல மனசோடதான் பண்றான். என்னால திருப்பிச் சிரிக்க முடியல. போனைச் சௌந்தரத்துகிட்டக் குடுத்துட்டு வாசலுக்குப் போயிருவேன். மங்கை பேச மாட்டா.

பேச்சியம்மாவைப் போய்ப் பாத்தேனான்னு கேக்குறீங்களா? போனேன். நாலு நாள் கழிச்சுப் போனேன். மன்னிப்புக் கேக்கப் போனேன்னு சொல்ல மாட்டேன், அதுக்கு எனக்கு வாய் வராது. வாடகையைக் கூட்டப் போறதில்ல, எத்தனை வருஷம் வேணும்னாலும் இருந்துக்கன்னு சொல்லலாம்னு போனேன். அதைச் சொன்னா சரியாப் போயிரும்னு நெனச்சேன்.

வாசல்ல ஆட்டோ நிக்குது. பாத்திரம் பண்டமெல்லாம் ஏத்தியாச்சு. வேற ஏரியாவுல வீடு பாத்துட்டாங்களாம். முன்னறையில ரெண்டு தையல் மெஷின் இருந்துச்சு. ஒண்ணுதானே வச்சிருந்தீங்கன்னு கேட்டேன், ஏதாவது பேசணுமேன்னு. உங்க மகளுக்குத் தொழில் பழக்கிவிடலாம்னு எங்க அக்காகிட்ட இரவலாக் கேட்டு வாங்கினேன்னுச்சு. குத்திச் சொல்லலைங்க. கேட்டதுக்குப் பதில் சொல்லுச்சு, அவ்வளவுதான்.

நீ எங்கயும் போக வேணாம் தாயி, வாடகை அதே வாடகைதான்னு சொன்னேன். அது நூல் கண்டையெல்லாம் ஒரு பையில போட்டுக்கிட்டே இருந்துச்சு. ரெண்டு வார்த்தை வஞ்சிரு, காறித் துப்பிரு, அப்பவாவது எனக்கு ஆறும்னு மனசுக்குள்ள கெஞ்சுறேன். அது வையல.

"போகட்டும் அய்யா. அப்படி ஒரு பிள்ளை நெசமா இல்லைங்கிறதே எனக்குப் பெரிய நிம்மதி. ஒரு மாசமா அதை நெனச்சுத் தூக்கம் வரல"ன்னுச்சு. அப்புறம் பையைக் கட்டி வச்சுட்டு என்னைய நிமிந்து பாத்துச்சு. "ஆனா எனக்கு அன்னைக்கே தெரிஞ்சிருக்கணும். மாப்பிள்ளை செத்த கதையைச் சொல்லும்போது நீங்க காப்பியை ஆத்திக்கிட்டே சொன்னீக. ஒரு சொட்டுத் தண்ணி வரல உங்க கண்ணுல. அழுது அழுது வத்திப் போச்சு போல, பாவம் மனுஷன்னு நெனச்சேன். நீங்க போனதுக்கு அப்புறம் கதவைச் சாத்திக்கிட்டு, உங்களுக்கும் சேத்து நான் அழுதேன்."

மெஷினைத் தூக்கி ஆட்டோவுல வைக்க நான் ஒரு பக்கம் பிடிக்கப் போனேன். வேணாய்யா, விடுங்கன்னுச்சு. விட்டுட்டேன்.